மலைக்குப் போகாத கடிதக் கட்டு

எந்த ஆலை என்று கேட்காதீர்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை, அவ்வளவு போதும். அங்கே கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்திருந்த பொம்பளை நான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆலையிலேயே ஏசி ஓடிய ஒரே அறை அதுதான் என்பதால் மேனேஜருக்கே என்மேல் கொஞ்சம் பொறாமை. எனக்கு வாய் அதிகம். இருபத்தேழு வயதில், ஊரே பயப்படுகிற ஒரு மெஷின் நம் பேச்சை மட்டும் கேட்கிறது என்றால் யாருக்குத்தான் தலைக்கு ஏறாது?

என்னுடைய அந்த வாயால் வாழ்க்கை கெட்டுப்போன ஒரு மனுஷரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். சாமையும் கேழ்வரகும் விதைத்துவிட்டு, ஆலையில் கரும்பு அரவை தொடங்கும்போது கீழே இறங்கி வருவார். சீசன் ஆள். ஆலை ஓடுகிற மாதங்களில் வேலை, நின்றால் வீட்டுக்கு. எங்கள் ஆலையில், இடையில் விடாமல் பன்னிரண்டு சீசன் வந்தவரை நிரந்தரம் ஆக்குவார்கள். ஒரு சீசன் தவறினால் போச்சு, கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் பதினோரு சீசன் முடித்திருந்தார்.

"இன்னும் ஒண்ணுதாம்மா," என்பார் விரலைக் காட்டி. "பெர்மனென்ட் ஆனா ஆலை குவார்ட்டர்ஸ் லைன்ல ஒரு வூடு குடுப்பாங்க. பொண்ண இட்டாந்து இங்க ஐஸ்கூல்ல சேத்துடுவேன். மலைல எட்டாவதோட சரி. அதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல."

என் அறையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. பிரிண்டரிலிருந்து மடிப்பு மடிப்பாக வரும் பச்சைக் கோடு போட்ட காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட பட்டை இருக்கும். அதை அவர்போல் கிழிக்க யாராலும் முடியாது. ஒரே இழுப்பில் நூல் பிடித்த மாதிரி வரும். நான் கிழித்தால் பாதியில் கோணிக்கொண்டு எழுத்தையும் சேர்த்துக் கிழிக்கும். வீணாய்ப்போன காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார், மகளின் புத்தகத்துக்கு அட்டை போட.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். வாராவாரம் ஆட்களின் பட்டியல் அடிக்கும்போது முதலில் சமவெளி ஊர்க்காரர்கள் வருவார்கள், பிறகு மலைக்காரர்கள் பதினெட்டுப் பேர். மலைப் பட்டியலில் தெரு, கதவு எண் இல்லாததால் வரிகள் குட்டை, அதனால் பிரிண்டர் சத்தம் மாறும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்ப நம்ம ஆளுங்க வராங்க," என்பார். முதல் பெயர் அவருடையதுதான்.

அந்தப் பிரிவை உண்டாக்கியது நான். மலைக்காரர்களுக்குத் தபால் தனித்தனியாகப் போகாது. பதினெட்டுக் கடிதத்தையும் ஒரே கட்டாகக் கட்டி மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், அவர் வெள்ளிமலை டீக்கடையில் சேர்த்துவிடுவார். அதனால் பட்டியலில் சமவெளி எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று மெஷினுக்குத் தெரிய ஒரு குறி வேண்டும். யாரும் தவறிக்கூட அடித்துவிட முடியாத ஒரு குறியாகத் தேடினேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் சில கம்ப்யூட்டரில் உண்டு. அவற்றில் இருபத்தாறாவதை எடுத்து இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். அதை வைத்து, என் மெஷினை ஓட்டிய யூனிக்ஸில் நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரிசை, மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைதான் அது.

ஒரு ஆயுத பூஜையன்று அறையில் எல்லோருக்கும் பொரி கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "என்னண்ணே, உள்ள வர மாட்டீங்களா? வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்று கத்தினேன்.

"ஆமாம்மா, கூப்டலியே," என்றார் சாதாரணமாக. பிறகு உள்ளே வந்து சொன்னார்: "எங்கூர்ல கூடப்பொறந்தவன் வூட்டுக் கல்யாணம்னாலும் வந்து கூப்டாதான் போவோம். கூப்டலன்னா, வேணாம்னு அர்த்தம்." இது என்ன வீம்பு என்று அவரைக் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

அடுத்து வந்ததுதான் சாலைகள் அடைபட்ட வருஷம். வேலையிலும் படிப்பிலும் தங்களுக்கு இட ஒதுக்கீட்டில் உரிய பங்கு வேண்டும் என்று எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் ரோட்டில் இறங்கின. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. கேட்டவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதை இன்றைக்கும் சொல்வேன். எங்கள் ஆலை கேட்டுக்கு முன்னால் வேலைக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த பையன்களில் பாதிப் பேர் அந்த மரங்களுக்கு அருகில்தான் நின்றார்கள்.

மரம் விழுவதற்கு நான்கு நாள் முன்னால், கரண்ட் ஏறி இறங்கியதில் என் யூனிக்ஸ் மெஷின் புகைந்துபோனது. மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வர வேண்டும், சாமான் வர வேண்டும். எப்படி வரும்? ஆலையிலோ அரவைக்கு முன்னால் பூஜை போட்டு பாய்லருக்கு இளஞ்சூடு ஏற்றுகிற நாள் குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் முன்னால் சீசன் ஆட்களுக்கு அழைப்புக் கடிதம் போயாக வேண்டும். கடிதம் பார்த்து அவர்கள் இளஞ்சூட்டன்று கேட்டில் வந்து பெயர் கொடுப்பார்கள். கொடுக்காதவர்கள் இடத்தில் வேறு ஆள் எடுப்பார்கள். அதுதான் வழக்கம்.

மேனேஜர் நல்ல மனுஷர். "வுடும்மா, ரிஜிஸ்தரப் பாத்து கையால எழுதிடலாம். நாலு கிளார்க் ஒக்காந்தா ரெண்டு நாள் வேல," என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மெஷின் இல்லாமல் ஆலை ஓடும் என்று ஆகிவிட்டால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்? "எதுக்கு சார் கையால? நான் எடுத்துத் தரேன், ஒரு நாள் குடுங்க," என்றேன்.

கணக்குப் பிரிவில் ஒரு டாஸ் மெஷின் இருந்தது. அது வேறு ஜாதி மெஷின், என் யூனிக்ஸ் பேச்சு அதற்குப் புரியாது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் என் ஃபைல்களை ஒரு கேபிள் போட்டு அதற்குள் நகல் எடுத்துவைப்பேன். மெட்ராஸில் படித்தபோது கூட இருந்த தோழி கொடுத்த மூன்று ஃபிளாப்பியும் பீரோவில் இருந்தன. டாஸுக்குள் உட்கார்ந்துகொண்டு யூனிக்ஸ் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஒரு ஷெல் அது. மதியம் ஃபிளாப்பிகளை ஏற்றி, டாஸ் வரியில் இரண்டே எழுத்து தட்டினேன். யூனிக்ஸ் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்போது காட்டுகிற, எனக்குப் பழகிய டாலர் குறி திரையில் வந்து நின்றது. அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம்ம ஊர்க்குரல் கேட்ட மாதிரி இருந்தது.

முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு வரி எப்படி முடிய வேண்டும் என்பதில் டாஸுக்கும் யூனிக்ஸுக்கும் ஒத்துவராது. அதனால் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி நின்ற இடத்துக்குக் கீழிருந்து தொடங்கி, மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போய்க் காகிதத்தை விட்டே வெளியேறியது. அதைச் சரிசெய்ய ஒரு சின்ன வேலை சேர்த்தேன். அடுத்த கடிதம் வரி பிசகாமல் வந்து விழுந்தது. கணக்குப் பிரிவே எழுந்து வந்து பார்த்தது. மேனேஜர், "பரவால்லியே!" என்றார். நான் காதில் விழாததுபோல் நின்றேன். உள்ளே குளுகுளு என்று இருந்தது.

பிரிண்டர் சாயங்காலம் வரை ஓடி நின்றது. திரையில் டாலர் குறி திரும்ப வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. யூனிக்ஸ்காரர்களின் பழக்கம் அது. தப்பு நடந்தால்தான் புரோகிராம் வாயைத் திறக்கும், எல்லாம் சரி என்றால் சும்மா இருக்கும். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். சும்மா இருந்தது, சரி என்று எடுத்துக்கொண்டேன். பட்டையை நானே கோணல்மாணலாகக் கிழித்து, கடிதங்களைப் பிரித்து அனுப்புகிற டைம் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் டைம் ஆபீஸ் கிளார்க் வந்து அறை வாசலில் நின்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர், வருகைப் பதிவெல்லாம் அவர் பொறுப்பு.

"மேடம், மலைக் கட்டு எங்கங்க? காணமே."

நான் யாரிடமோ முந்தைய நாள் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் வந்து கேட்டது பொறுக்கவில்லை. "எல்லாந்தான் அடிச்சுக் குடுத்தாச்சே! பிரிச்சு எடுக்கத் தெரியலன்னா நான் என்ன பண்றது? அதுலயேதான் இருக்கும், கண்ணத் தொறந்து பாருங்க."

"சரிங்க மேடம்," என்று போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மரங்களை இழுத்து ஓரம் போட்டார்கள். பஸ் ஓடியது. கடிதங்கள் போயின. இளஞ்சூட்டன்று கேட்டில் ஒரே கூட்டம். கடிதம் கிடைக்காத சமவெளிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து, "எம்பேரு எங்கடா?" என்று டைம் ஆபீஸ் ஜன்னலைத் தட்டிச் சண்டை போட்டு உள்ளே போனார்கள். தபால் கோளாறு என்றார்கள். மலைக்காரர்களில் ஒருத்தர்கூட வரவில்லை.

"கலாட்டாவுக்குப் பயந்துக்கினு மலைய வுட்டு எறங்கல போல," என்றார் மேனேஜர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும்தான் சொன்னேன். பதினெட்டு இடத்துக்கும் அன்று மாலையே கேட்டில் நின்ற பையன்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கும்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அரவை தொடங்கி மூன்றாவது வாரம் மெட்ராஸ் இன்ஜினியர் வந்து யூனிக்ஸ் மெஷினைச் சரிசெய்தார். சோதித்துப் பார்க்க ஏதாவது ஓட்டுங்கள் என்றார். அதே அழைப்புக் கடித ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிரிண்டர் ஓடியது, சமவெளி முடிந்தது. முடிந்த பிறகும் ஓடியது. சத்தம் மாறியது. வரிகள் குட்டையாகி, வேகம் கூடி, டரடரவென்று பதினெட்டுக் கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் அவர் பெயர்.

அந்த டாஸ் மெஷினில் நான் இந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியரிடம் கேட்டேன், பட்டியல் நடுவில் நான் குறியாக வைத்த அந்த இருபத்தாறாவது எழுத்து இருந்தால் டாஸ் என்ன செய்யும் என்று. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "இருபத்தாறா? அது டாஸுக்கு ஃபைல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எவ்வளவு இருந்தாலும் படிக்காது. எர்ரரும் சொல்லாது."

டைம் ஆபீஸுக்கு ஓடினேன். கிளார்க் எழுந்து நின்றார். "தேடுனேன் மேடம், இல்ல. நீங்க கோவமா இருந்தீங்க. மலை பஸ்ஸுதான் ஓடலியே, அப்பால கேட்டுக்கலாம்னு வுட்டுட்டேன். அப்பறம் கிரஷிங் வேலைல மறந்தே போச்சுங்க." அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் பதினெட்டுக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டு மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, அவரிடம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வெள்ளிமலையில் இறங்கி, சந்தைக்கு வந்து திரும்பிய பெண்களோடு நடந்தேன். அவர் வீட்டு முன்னால் சாமைக்கதிர் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, இம்மாந் தூரம் நடந்தா வந்தீங்க? சொல்லி அனுப்பக் கூடாதா?"

"ஏண்ணே வரல?" என்றேன். அப்போதும் என் குரலில் அதட்டல்தான் வந்தது.

"கடுதாசி வரலியேம்மா. கீழ ஒரே கலாட்டா, மரத்தயெல்லாம் வெட்டிப் போட்டுட்டாங்கன்னு சொல்லிக்கினாங்க. அவங்க ஆளுங்களுக்கே வேல பத்தலியாம், இந்த வாட்டி மலக்காரங்க வேணாம்னுட்டாங்க போலன்னு நெனச்சோம்."

"ஒரு நடை வந்து கேட்டிருக்கலாமே!"

"கூப்டாத எப்பிடிம்மா வர்றது?"

நான் உட்கார்ந்துவிட்டேன். மெஷின் கெட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறி வைத்தது நான், கையால் எழுத வேண்டாம் என்றது நான், கட்டைக் கேட்டு வந்த கிளார்க்கை விரட்டியது நான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அழுதேன். அவர் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் கையில் இருந்த புத்தகத்துக்கு என் பிரிண்டர் காகிதத்தில் அட்டை போட்டிருந்தது, பச்சைக் கோடு தெரிந்தது.

அவர் அந்த அட்டையைப் பார்த்தபடி கேட்டார்: "அன்னிக்கிப் பட்டைய யாரும்மா கிழிச்சது?"

"நான்தாண்ணே."

"நான் இருந்திருந்தா சத்தத்துலயே சொல்லியிருப்பேன், நம்ம ஆளுங்க வரலன்னு," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேனேஜரிடம் நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்தப் பதினெட்டுப் பேர் மேல் தப்பில்லை, இந்த சீசனை அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கடுதாசி அனுப்பியாச்சு, ஆளு வரலன்னு ஏற்கெனவே மேல எழுதி அனுப்பிட்டேன். இப்பப் போய் மாத்தி எழுதுனா என்கொயரி வரும். ஒன்ன வூட்டுக்கு அனுப்புவாங்க, என்னயும் அனுப்புவாங்க. புதுசா எடுத்த பதினெட்டுப் பசங்கள வெளிய போன்னு சொன்னா நாளைக்கே கேட் முன்னால மரம் வுழும். அடுத்த சீசன் கூப்டுக்கலாம். இந்தா, கிழிச்சிப் போடு."

நான் கிழிக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் வாயாடுகிற நான், வாயைத் திறந்திருக்க வேண்டிய அந்த ஒரே இடத்தில் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். காரணம் சொல்கிறேனே தவிர, அது சமாதானம் ஆகாது.

அடுத்த சீசனுக்கு மலைக் கட்டை நானே எண்ணி, நானே கட்டி, நானே கண்டக்டர் கையில் கொடுத்தேன். பதினெட்டில் பதின்மூன்று பேர் வந்தார்கள். ஒன்றாம் சீசன் என்று பெயருக்கு நேராக எழுதினார்கள். அவர் கடிதம் மட்டும் பிரிக்காமல் திரும்பி வந்தது. "வூடு பூட்டிக் கெடக்கும்மா," என்றார் கண்டக்டர். "பொண்டாட்டி புள்ளயோட காப்பித் தோட்டத்துக்குப் போயிட்டாராம், கர்நாடகா பக்கம். மூணு பேரும் தோட்டத்துல வேல செய்றாங்களாம்."

மூன்று பேரும் என்றால் அந்தப் பெண்ணும்தான். அதற்குமேல் எனக்கு ஒரு தகவலும் இல்லை. தேடினேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டேன்.

இப்போது எனக்குப் பென்ஷன் வருகிறது. போன மாதம் ஒரு லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ்தான். ஆனால் இப்போது அதற்குள்ளேயே யூனிக்ஸின் வாரிசான லினக்ஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோழியும் வேண்டாம், ஃபிளாப்பியும் வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வார்த்தை தட்டினால் அதே டாலர் குறி. அந்தப் பழைய பட்டியலும் ஸ்கிரிப்டும் ஃபிளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து பென் டிரைவுக்கு என்று என்கூடவே வந்திருந்தன. ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒரு காலைநேரம், காபி ஆறிக்கொண்டிருக்க, ஓட்டிப் பார்த்தேன்.

எங்கேயும் நிற்கவில்லை. குறியைத் தாண்டிப் போய் பதினெட்டையும் எடுத்து வந்தது. முதல் கடிதத்தை மட்டும் வீட்டுப் பிரிண்டரில் அடித்தேன். 'இக்கடிதம் கண்டவுடன் ஆலைக்கு வந்து பெயர் கொடுக்குமாறு அழைக்கப்படுகிறீர்கள்' என்று அவர் பெயருக்குக் கீழே இருந்தது. இந்தப் பிரிண்டருக்குச் சத்தமே இல்லை. காகிதத்துக்கு ஓரப் பட்டையும் இல்லை, கிழிக்க ஒன்றும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கடுதாசி வந்துடுச்சு, வாங்க," என்று ஆளில்லாத வீட்டில் வாய்விட்டுக் கூப்பிட்டேன்.